யாரைக் கேட்டு?

எங்கள் லயத்தில், அதாவது றப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு ஆணி அடிப்பதென்றாலும் தோட்டத்து ஆபீஸில் கேட்க வேண்டும். அது சட்டமா பழக்கமா என்று யாருக்கும் தெரியாது. சட்டம் என்று எழுதிய தாளை நானும் பார்த்ததில்லை, அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் சுவர் கம்பனியுடையது, கூரை கம்பனியுடையது, நடுவில் இருக்கிற காற்று மட்டும்தான் நம்முடையது என்பது தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். சாமிப் படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கலாமா என்று அப்பா ஒருமுறை தோட்ட நிர்வாகியான பெரிய துரைக்கு எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. அதனால் முருகன் பல வருடம் அரிசிப் பெட்டியின் மேல் சுவரில் சாய்ந்தபடியே நின்றார். அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

நடுவில் இருக்கிற காற்றிலும் வில்லங்கம் இருந்தது. எங்களுடையது ஒரே காம்பரா, ஒற்றை அறை வீடு. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, நடுவில் படுக்கிற இடம், பின்னால் அடுப்பு. பின்சுவரில் ஜன்னல் கிடையாது. அந்தப் பக்கம் மலைதானே, எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று கட்டிய வெள்ளைக்காரன் நினைத்திருப்பான். அம்மா எரித்தது றப்பர் விறகு. காய்ந்தால் நல்ல விறகுதான். ருவான்வெல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பெய்கிற மழைக்கு அது முழுதாகக் காய்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்பை வெளியே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் மே மாதத்தில் ஒரு வாரம் எங்களோடு வந்து இருக்க வேண்டும். கொட்டகை போட்டுக்கொள்ளலாமே என்றால், கொட்டகைக்கும் ஆபீஸில் கேட்க வேண்டும்.

அம்மா முதலில் சாயங்காலங்களில் மட்டும் இருமினாள். பிறகு காலையிலும். அவளும் அப்பாவும் பால் வெட்டுகிறவர்கள்; விடிவதற்கு முன் மலை ஏறி, மரம் மரமாகப் பட்டையைக் கீறி, சிரட்டையில் சொட்டுகிற றப்பர் பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு மத்தியானம் இறங்குவார்கள். அம்மா பாதி ஏற்றத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தபோது நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, சிகரெட் குடிப்பீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் புகைக்குள்ளேயே இன்னும் ஒரு மழைக்காலம் இருந்தால் அதற்கப்புறம் மலை ஏற மாட்டார், மருந்தைவிட முக்கியம் புகை வெளியே போக ஒரு வழி என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு ஓட்டை. இரண்டு கை அகலம் இருந்தால் போதும்.

அப்பா ஓட்டைக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதினார். பெட்டிசம் அவருக்குக் கைவந்த வேலை. இஸ்தோப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பலாப் பலகையை வைத்து, முதலில் தமிழில் எழுதுவார். அந்தப் பலகை பெட்டிசத்துக்கென்றே இருந்தது. அதில் வேறு யாராவது வெங்காயம் நறுக்கினால் வீடு இரண்டாகும். பிறகு ருவான்வெல்லைக் கடைத்தெருவில் டைப்ரைட்டர் வைத்திருந்த, ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவரிடம் கொண்டுபோவார். அவர் அதை ஆங்கிலமாக்கி, அளவிலா வணக்கத்துடனும் தாழ்மையுடனும் தொடங்கி, அதே தாழ்மையுடன் முடிப்பார். கடைசியில் பிரதிகள் யார் யாருக்கு என்று ஒரு வரிசை வரும்: கம்பனித் தலைவர், தொழில் திணைக்களம், சங்கம், பாராளுமன்ற உறுப்பினர், ஜனாதிபதி. பெட்டிசத்தின் பலம் அதில் சொல்லும் விஷயத்தில் இல்லை, பிரதிகளில்தான் என்பது அப்பாவின் சித்தாந்தம்.

பக்கத்து லயத்தில் ஒருவர் கேளாமல் சுவரை உடைத்திருந்தார். ஆபீஸிலிருந்து ஆள் வந்து சீமெந்தால் அடைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சாம்பல் நிறத் திட்டைக் கடக்கும்போதெல்லாம் அப்பா, கேட்டிருக்கணும் என்று முணுமுணுப்பார். கேட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது.

இந்த வளர்ப்போடுதான் நான் கேகாலைக்கு வேலைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு சேலைக் கடையின் மாடியில், இரண்டு அறைகளில் நடந்த கம்பியூட்டர் நிறுவனம். முதலாளி சிங்களவர், நல்ல மனிதர், எல்லோரையும் மல்லி என்றே கூப்பிடுவார்; சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். பெயரை ஞாபகம் வைத்திருக்கும் சிரமம் அவருக்கு இல்லை. றப்பர் ஷீட் வாங்குகிற வியாபாரிகளுக்கும் இரும்புக் கடைகளுக்கும் சரக்கு புரோகிராம் விற்பது தொழில். அதைப் பாஸ்கல் என்ற பழைய கணினி மொழியில் எழுதியவர் டுபாய்க்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலியும், அவர் எழுதிய முடிவில்லாத வரிகளும், எதையும் தொட்டுவிடாதே என்ற புத்திமதியும் எனக்கு வந்து சேர்ந்தன. புத்திமதி மட்டும் புதிதாக இல்லை.

புரோகிராம் வரிகளை எழுதுவதற்கு ஒரு எடிட்டர் இருந்தது. உலகத்தில் பலர் சேர்ந்து செய்து இலவசமாக விட்டது. அந்த எடிட்டருக்குத் தானாகப் பாஸ்கல் தெரியாது. தெரிய வைக்க இன்னொரு சின்னப் புரோகிராமை அதோடு சேர்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்பார்கள். எங்கள் தோட்டத்து நர்சரியில் காட்டுக் கன்றின் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் மொட்டை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். அதற்கு ஒட்டு என்று பெயர். எனக்கு இதுவும் ஒட்டாகத்தான் தெரிந்தது, அப்படியே சொல்லிவிடுகிறேன். ஒட்டு இருந்தால் கட்டளைச் சொற்கள் நீலமாகத் தெரியும், குறிப்புகள் பச்சையாகத் தெரியும், ஒரு விசையை அமுக்கினால் புரோகிராம் ஓடும், பிழை இருந்தால் அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும்.

எங்கள் கம்பியூட்டரில் ஒரு வெள்ளைக்காரப் பெயரில் போல்டர் ஒன்று இருந்தது. அதில் யாரும் கைவைப்பதில்லை. ரிசப்ஷனில் இருந்த பெண் வேண்டாத பைல்களை அழிக்கும் நாட்களில்கூட அதை மட்டும் பயபக்தியோடு விட்டுவைப்பாள். ஏன் என்று கேட்டால், டுபாய்க்குப் போனவர் சொல்லிவிட்டுப் போனார் என்றாள். காரணம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒட்டை எழுதிய மனிதர் தன் வீட்டுக் கம்பியூட்டரில் பாஸ்கல் எங்கே இருந்ததோ அந்த இடத்தை, தன் பெயரோடு, அப்படியே உள்ளே எழுதிவைத்துவிட்டார். அவர் பெயரில் போல்டர் இல்லாவிட்டால் ஒட்டு நகராது. ஒரு வரியைத் திருத்தினால் முடிகிற விஷயம். உலகத்தில் ஒருவரும் திருத்தவில்லை. அவரவர் கம்பியூட்டரில் அவர் பெயருக்கு ஒரு போல்டர் திறந்து வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த முகம் தெரியாத மனிதர்களை மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் லயத்துக்குக் குடிவந்தால் ஒரே நாளில் பழகிக்கொள்வார்கள்.

முதலாளி ஒரு புதுக் கம்பியூட்டர் வாங்கினார். அதில் எடிட்டரும் புதியது. பழைய ஒட்டை அதில் வைத்ததும் ஏதேதோ திட்டிவிட்டு உயிரை விட்டது. என் வரிகள் எல்லாம் ஒரே கறுப்பாக நின்றன. பழைய கம்பியூட்டரிலேயே வேலை செய்யலாம் என்றால், அதை முதலாளி மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். வேலை நின்றுபோகவில்லை, கறுப்பு எழுத்திலும் புரோகிராம் எழுதலாம். பிழையை நாமே தேட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு நீலமும் பச்சையும் பழகிவிட்டது. கொஞ்சம் சோம்பேறித்தனம், கொஞ்சம் ரோஷம். உலகத்தில் பல நல்ல காரியங்கள் இந்த இரண்டிலும்தான் நடக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஒட்டின் பைல்களைத் திறந்து பார்த்தேன். கடைசியாக யாரோ கைவைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பைல்களின் தலையில் எழுதியவரின் முகவரியும், அவ்வப்போது உதவியவர்களின் முகவரிகளும் இருந்தன. கூடவே லைசன்ஸ் என்று ஒரு பைல். அதை நான் படிக்கவில்லை. நீளமாக இருந்தது, கடைசிப் பகுதி முழுவதும் பெரிய எழுத்து. பெரிய எழுத்தில் அச்சடித்த எந்தத் தாளும் எங்களுக்கு நல்லது சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். பெட்டிசம் எழுதினேன்.

அப்பாவின் கிளாக்கர் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். அளவிலா வணக்கத்துடன் தொடங்கினேன். இலங்கையின் சப்ரகமுவா மாகாணத்தில் கேகாலை என்னும் ஊரில் பணிபுரியும் அடியேன், தங்களின் மேலான படைப்பாகிய மேற்படி ஒட்டில் சில வரிகளைத் திருத்திக்கொள்ளத் தாழ்மையுடன் அனுமதி கோருகிறேன் என்று எழுதினேன். என் குடும்ப நிலையையும் ஒரு பத்தியில் விளக்கினேன். பிரதிகளை எல்லா முகவரிக்கும் போட்டேன், எடிட்டர்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசுகிற அஞ்சல் குழு உட்பட. அதில் எத்தனை நூறு பேர் இருந்தார்கள் என்று அப்போது தெரியாது.

பாதி முகவரிகள் உயிரோடு இல்லை; திரும்பி வந்தன. ஒருவர் தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள் என்றார். இன்னொருவர், அடுத்த ஈமெயிலில் வங்கிக் கணக்கு விவரம் கேட்பீர்களா என்று விசாரித்தார்; இவ்வளவு தாழ்மையான ஆங்கிலத்தை அந்த நாட்களில் ஏமாற்றுக்காரர்கள் மட்டும்தான் எழுதினார்களாம். குழுவிலிருந்து ஒரு பெண் மட்டும் நேராகக் கேட்டாள்: எதற்கு அனுமதி கேட்கிறீர்கள்? அவளுக்கு நன்றி சொல்லி, அனுமதிக்குக் காத்திருப்பதாக எழுதினேன்.

சில வாரம் கழித்து, ஒட்டை எழுதியவரே பதில் போட்டார். மூன்று வரி. அந்த எடிட்டரைத் தொட்டே வருடங்களாகிவிட்டன, இப்போது தச்சு வேலை செய்கிறாராம். லைசன்ஸைப் படியுங்கள், நீங்கள் என்னைக் கேட்க வேண்டியதே இல்லை, கேட்டதனால் சொல்கிறேன், இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்குக் கீழே, ஒட்டை இணையத்தில் வைத்திருந்த இடத்துக்கான பாஸ்வேர்ட். தோட்டத்து றப்பர் பால் சேர்த்துவைக்கிற ஸ்டோரின் சாவியை வழியில் போகிறவன் கையில் கொடுத்துவிட்டு மனிதர் போய்விட்டார். எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகமாக வந்தது.

லைசன்ஸையும் ஒட்டின் பைல்களையும் பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டில் கம்பியூட்டர் கிடையாது, வெளிச்சமும் இஸ்தோப்பில்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து படித்தபோது, போகிற வருகிறவர்கள் தாள்கட்டைப் பார்த்துவிட்டு, பெரிய பெட்டிசமா தம்பி என்று மரியாதையோடு கேட்டார்கள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னவென்று கேட்டார். லைசன்ஸைத் தமிழில் சொன்னேன். இதை யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது இதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அப்பா தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல துரை யாரு?" என்றார்.

"துரை இல்லப்பா."

"துரை இல்லாம எப்புடிடா? கையெழுத்து போட்டது யாரு?"

கையெழுத்தும் இல்லை என்றேன். அப்பாவுக்கு அந்தத் தாளின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. சும்மா வாய்ப்பேச்சு, நாளைக்கு நான் சொல்லவே இல்லை என்பார்கள், எதற்கும் அந்தத் தச்சரிடம் முத்திரை குத்தி ஒரு கடிதம் வாங்கிவை என்றார். நான் கேட்கலாமா என்று யோசித்ததும் உண்மை.

உள்ளே அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. இருமல் அடங்கும்வரை காத்திருந்து, இருட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாத்தப் போயி கெட்டுப் போச்சுன்னா?"

"அதுக்கு அவங்க பொறுப்பில்லைனு போட்டிருக்கும்மா. யாரு மாத்துறாங்களோ அவங்கதான் பொறுப்பு."

அந்தப் பெரிய எழுத்துப் பகுதி அதைத்தான் சொன்னது. அப்பா தலையாட்டினார். லைசன்ஸில் அவர் முழுதாக நம்பிய வரி அது ஒன்றுதான். தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்த எல்லாக் கடிதத்திலும் அது இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் ஒட்டோடு மல்லுக்கட்டினேன். புது எடிட்டரில் பல வேலைகளின் பெயரை மாற்றியிருந்தார்கள்; ஒட்டு பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகப் புதுப் பெயர் தேடிப் போட்டேன். தச்சரின் போல்டர் வரியை எடுத்துவிட்டு, உங்கள் கம்பியூட்டரில் பாஸ்கல் எங்கே இருக்கிறது என்று ஒட்டே கேட்கும்படி செய்தேன். நிறங்கள் மட்டும் வரவில்லை. நிறம் தீட்டும் பகுதியின் நடுவில் தச்சர் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது, கைவைக்காதே. நான் கைவைக்கவில்லை. அதைச் சுற்றி எல்லாவற்றையும் மாற்றினேன். அதை மட்டும், ரிசப்ஷன் பெண் போல்டரை விட்டுவைத்த மாதிரி, விட்டுவைத்தேன். பாஸ்வேர்ட் என் கையில் இருந்தது, லைசன்ஸ் மனப்பாடம், ஆனாலும் விரல் அந்த வரிக்குப் போகவில்லை.

மழை நெருங்கியது. அம்மா ஒருநாள் ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாளியை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாளும் அவளால் எழுந்து போக முடியவில்லை. அப்பா பலகையை எடுத்து மடியில் வைத்தார். இந்தமுறை தபாலில் போட்டு ஏமாறுவதில்லை, கேகாலையில் இருந்த கம்பனி ஆபீஸில் நேரில் கொடுப்பது என்று தீர்மானித்தார். கேட்டால் பதில் சொல்ல நான் கூடப் போனேன். அம்மா வாசலில் நின்று எங்களை அனுப்பினாள். போய்ட்டு வாங்க என்று சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் பெயரைப் படித்துவிட்டு, ஒரு ராணுவக்காரன் என் பையைத் திறந்தான். உள்ளே ஒட்டின் தாள்கட்டு. அடைப்புக்குறியும் புள்ளியும் எண்ணும் பக்கம் பக்கமாக. அவன் முகம் மாறியது. இது என்ன என்று கேட்டான். எனக்கு நல்ல சிங்களம் வரும். கம்பியூட்டர் எடிட்டருக்குப் பாஸ்கல் சொல்லிக்கொடுக்கிற தாள் என்று அந்த நல்ல சிங்களத்தில் சொன்னதும் நிலைமை மோசமாயிற்று. இன்னொருவனைக் கூப்பிட்டான். அப்பா தன் பையிலிருந்த பெட்டிசத்தை எடுத்து அவர்களிடம் நீட்டினார். அவர்கள் விஷயத்தைப் படிக்கவில்லை. நேராகக் கடைசிக்குப் போய்ப் பிரதிகளைப் படித்தார்கள். ஜனாதிபதி வரைக்கும் படித்துவிட்டு, தாளை ஒழுங்காக மடித்துக் கொடுத்து, ஏறுங்கள் என்றார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். அவருடைய பெட்டிசம் வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கம்பனி ஆபீஸில் ஒரு பெண் பெட்டிசத்தை வாங்கினாள், அப்பாவின் பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தாள், நடவடிக்கைக்காக அதைத் தோட்டத்துப் பெரிய துரைக்கே அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். அப்பா அவளுக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் திரும்புகிற பஸ்ஸில் அவர் முத்திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்ததால் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது எங்கள் வீடுதானா என்று ஒரு கணம் தடுமாறினேன். பின்னால், அடுப்புக்கு மேலே, பச்சை தெரிந்தது. மலைச்சரிவும் றப்பர் இலைகளும். அந்த வழியாக வந்த வெளிச்சத்தில் எங்கள் பாத்திரங்கள் இவ்வளவு கரி பிடித்தவை என்று முதல்முறையாகப் பார்த்தேன். பின்சுவரில் தீப்பெட்டியும் உப்பும் வைக்கிற ஒரு மாடம் இருந்தது. சுவரின் பாதிக் கனம் அங்கே ஏற்கெனவே இல்லை. மீதிப் பாதியை அம்மா அலவாங்கு என்கிற கடப்பாரையால் குத்தித் தள்ளியிருந்தாள். அடுத்த காம்பராப் பெண்கள் இருவர் கல்லை வாங்கி வெளியே அடுக்கியிருந்தார்கள். அம்மா நெற்றியில் மண்ணோடு, அடுப்பைப் பற்றவைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது மலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா பையைக் கீழே வைக்கவில்லை.

"யார கேட்டு செஞ்ச?" என்றார்.

"ஒருத்தரையும் கேக்கல. அன்னைக்கு இவன் வாசிச்சானே, மாத்துறவங்கதான் பொறுப்புன்னு. கெட்டுப் போனா நான் பொறுப்பு. நீங்க கேட்டுக்கிட்டே இருங்க, எனக்கு மூச்சு விடணும்."

அப்பா ஓட்டையைப் பார்த்தார். மேலே இருந்த கல் ஒன்று மண் உதிர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இஸ்தோப்புக்குப் போனார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். பெட்டிசப் பலகையோடு திரும்பி வந்தார். அதை ஓட்டையின் தலையில் குறுக்கே கொடுத்து, இரண்டு பக்கமும் கல் வைத்து இறுக்கி, கையால் தட்டிப் பார்த்தார். பிறகு முகம் கழுவப் போனார். எனக்கு அழுகை வந்தது. புகைதான் காரணம் என்று சொல்ல முடியாதபடி புகை வெளியே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் தச்சரின் குறிப்புக்குக் கீழிருந்த வரிகளை ஒரேயடியாக அழித்தேன். நானே புதிதாக எழுதினேன். முதலில் எல்லாம் சிவப்பாயிற்று, பிறகு ஒன்றுமே தெரியவில்லை, அந்த வாரக் கடைசியில் நீலமும் பச்சையும் வந்தன. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல நிறம் மல்லி, இரும்புக்கடைக்காரரின் பில் வேலை என்னவாயிற்று என்று கேட்டார்.

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வந்து ஓட்டையைப் பார்த்தார். யாரைக் கேட்டு என்றார். அம்மா அதே பதிலைச் சொன்னாள். சீமெந்து வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. பிறகு ஆபீஸில் வேலை செய்த ஒருவர் விளக்கினார்: அடைக்க வேண்டுமென்றால் உத்தரவு எழுத வேண்டும், உத்தரவு எழுதினால் அந்த ஜன்னலைக் கேட்டு வந்த பெட்டிசங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் பதில் எழுத வேண்டும், பிரதி போன இடங்களுக்கும் எழுத வேண்டும். அதைவிட ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பது அவர்களுக்கு லேசாக இருந்தது. இதைக் கேட்டு அப்பா அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. பெட்டிசம்தான் ஜன்னலைக் காப்பாற்றியது என்று லயம் முழுவதும் சொல்லிவைத்தார். அவர் எழுதுவதையும் நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்தினால் சந்தேகப்படுவார்களாம். பலகை போய்விட்டதால் ஜன்னல் ஓரத்துக் கல்லில் தாளை வைத்து, அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னல் தேவை என்று எழுதினார்.

மற்றக் காம்பராக்காரர்களும் தொடங்கினார்கள். ஒருவர் வட்டமாக உடைத்தார், ஒருவர் அலுமாரி அளவுக்கு உடைத்துவிட்டுப் பிறகு பாதியை அடைத்தார். றப்பர் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வந்தபோது ஆபீஸ் எல்லா ஓட்டைகளுக்கும் நீல நிற மரச்சட்டம் அடித்துக்கொடுத்து, லயத்தின் முன்னால் ஒரு பலகை நட்டது: தொழிலாளர் நலத் திட்டம், காற்றோட்ட வசதி. அம்மா என்னை அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பரவால்ல, பெயிண்டாவது அடிச்சாங்களே என்றாள்.

ஒட்டை வெளியிட்டேன். பிரேசிலிலிருந்து ஒருவர் வாழ்த்தினார். இன்னொருவர், இத்தனை வருடம் வைத்திருந்த தச்சரின் போல்டரை இனி என்ன செய்வது என்று கவலைப்பட்டார். மூன்றாவதாக ஒருவர், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், நான் எழுதிய நிறப் பகுதியைப் பாதியாகக் குறைத்து, வேகமாக ஓடும்படி திருத்தி அனுப்பியிருந்தார். பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று வந்தது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் அடித்தே விட்டேன். அடித்த பிறகு அந்த வாக்கியத்தைப் பார்த்தேன். பெரிய துரை, கணக்கப்பிள்ளை, அப்பா, நான் என்று வரிசை அழகாகத்தான் வந்தது. அதை அழித்துவிட்டு, அவருடைய திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன். அது என்னுடையதைவிட நன்றாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அம்மா மலை ஏறினாள். இருமல் முழுதாகப் போகவில்லை, போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் ஏற்றத்தின் பாதியில் மரத்தைப் பிடித்து நிற்காமல், வாளியோடு மேலே போய், வாளியோடு இறங்கினாள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒருநாள் கீழே நின்று அதைப் பார்த்தேன். எதற்குடா வேலைக்குப் போகாமல் நிற்கிறாய் என்று மேலிருந்து திட்டினாள். திட்டுவதற்கும் அவளிடம் மூச்சு இருந்தது.

அடுத்த வெளியீட்டில், ஒட்டுக்கு உதவியவர்களின் பெயர் வரிசையில், தச்சருக்கும் நிறத்தைத் திருத்தியவருக்கும் கீழே அம்மாவின் பெயரையும் சேர்த்தேன். பெயர் மட்டும், விளக்கம் எதுவும் இல்லை. அஞ்சல் குழுவில் அன்று நேராகக் கேள்வி கேட்ட அதே பெண் இப்போதும் நேராகக் கேட்டாள்: வரிசையில் புதிதாக ஒருவர் இருக்கிறாரே, அவர் எந்தப் பகுதியைத் திருத்தினார்?

பின்சுவரை, என்று பதில் எழுதினேன். பிரதி யாருக்கும் போடவில்லை.